மணிக்கு எடுத்து வச்சியா?

பண்டிகை நாள்ல எங்க வீட்டு அடுப்படியிலிருந்து ஆயா குரல் மூணு தடவை கேட்கும். சாமிக்குப் படைச்சாச்சா? காக்காய்க்கு வச்சாச்சா? மணிக்கு எடுத்து வச்சியா? இந்த மூணும் முடிஞ்சாதான் மனுஷங்களுக்கு இலை போடுவாங்க. அதுல நான் கடைசி ஆளுங்கறது தனி சோகம் :-)

மணி எங்க வீட்டு நாய். ஜாதி, வம்சாவளி எல்லாம் கேட்காதீங்க. முத்தியால்பேட்டையில ஒரு சைக்கிள் கடை வாசல்ல மழையில நனைஞ்சு நடுங்கிகிட்டு இருந்தான், தூக்கிட்டு வந்துட்டோம். இப்போ 14 கிலோ. எங்க தெருவுல என்னைவிட அவனுக்குத்தான் சிநேகிதர்கள் அதிகம்.

பண்டிகைச் சாப்பாட்டை நாய்க்குக் கொடுக்கலாமா கூடாதான்னு கேட்டா நம்ம ஊர்ல ரெண்டு கோஷ்டி இருக்கு. முதல் கோஷ்டி, "அந்தக் காலத்துல எல்லாத்தையும்தான் தின்னுச்சு, என்ன ஆச்சு?"ன்னு கேட்கும். ரெண்டாவது கோஷ்டி, "மனுஷன் சாப்பிடறது எதுவும் நாய்க்கு ஆகாது, பாக்கெட் தீனி மட்டும்தான்"னு சொல்லும். எனக்கு ரெண்டு பேரோடயும் சண்டை இருக்கு. ஏன்னு சொல்றதுக்கு முன்னாடி சின்னதா ஒரு கொசுவர்த்தி சுத்திக்கறேன்.

போன கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். எதிர்வீட்டு அத்தை கேக் செய்வாங்க. பேக்கரி கேக் இல்லை, புதுச்சேரி கிறிஸ்தவ வீடுகள்ல செய்யற பழைய வகை. மைதாவுக்குப் பதிலா ரவை, நிறைய வெண்ணெய், முந்திரி, ரம்முல நாள்கணக்கா ஊறின திராட்சை. (புதுச்சேரியில ரம்முக்குப் பஞ்சமான்னு கேட்காதீங்க, அந்த ஜோக்கை எல்லாம் நாங்க பொறந்ததிலிருந்து கேட்டாச்சு.) தீபாவளிக்கு எங்க வீட்டு முறுக்கும் அதிரசமும் அந்தப் பக்கம் போகும், கிறிஸ்துமஸுக்கு அந்தத் தட்டு நிரம்பி இந்தப் பக்கம் வரும். ஆயா கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்ததிலிருந்து நடக்கிற விஷயம் இது.

அத்தைக்கு மணின்னா உயிர். காலையில அவங்க பூசைக்குக் கிளம்பினா தெருமுனை வரைக்கும் கூடவே போய் வழியனுப்பிட்டு வருவான். அன்னைக்கு எங்க தட்டு வர்றதுக்கு முன்னாடியே அவனுக்குத் தனியா நாலு துண்டு கிடைச்சிருக்கு. சாயங்காலம் தட்டைக் கொடுக்கும்போது சிரிச்சுகிட்டே சொன்னாங்க, "நாலு துண்டு உள்ள போயிடுச்சு, இன்னும் வாலை ஆட்டிக்கிட்டு நிக்கிறான்!" நாங்களும் சிரிச்சோம்.

ராத்திரியே வாந்தி எடுத்தான். நாய் வாந்தி எடுக்கிறது பெரிய அதிசயமா என்ன, புல்லைத் தின்னுட்டு எடுக்கும்ல, விட்டுட்டோம். மறுநாள் சாப்பிடலை. அதுக்கும் மறுநாள் எழுந்திருக்கவே இல்லை. வாசல் வேப்பமரத்துக்கு அவன் தினமும் செலுத்துற மரியாதையைக்கூட செலுத்தலை. அப்போதான் அம்மாவுக்குப் பயம் வந்துச்சு. ஆட்டோவுல தூக்கிட்டு ஓடினோம்.

டாக்டர் முதல்ல கேட்டது காய்ச்சலைப் பத்தி இல்லை. "பண்டிகைக்கு என்னென்ன கொடுத்தீங்க, ஒண்ணு விடாம சொல்லுங்க"ன்னார். கேக்குன்னு சொன்னதும், "திராட்சை இருந்துச்சா?"ன்னு கேட்டார். அம்மா பாவமா, "திராட்சைதானே டாக்டர், பழம்தானே?"ன்னாங்க. ரத்தப் பரிசோதனையில கிரியாட்டினின் எகிறி இருந்துச்சு. சிறுநீரகம் அடி வாங்கியிருக்கு. அஞ்சு நாள் டிரிப்ஸ். பிழைச்சுட்டான். எல்லா நாயும் பிழைக்காது, நாங்க வந்ததே லேட்டுன்னு டாக்டர் முகத்துக்கு நேரா சொன்னார்.

அதுக்கப்புறம்தான் இதையெல்லாம் தேடித் தேடிப் படிச்சேன். (செமஸ்டருக்கு இப்படிப் படிச்சிருந்தா...)

திராட்சையும் உலர்திராட்சையும் நாய்க்கு விஷம்ங்கற விஷயமே ரொம்பப் புதுசு. அமெரிக்காவுல விஷமுறிவு மையத்துக்கு வந்த கேஸ்களைத் தொகுத்துப் பார்த்த கால்நடை மருத்துவர்கள் 2001-ல்தான் அங்கத்திய கால்நடை மருத்துவ சங்க இதழ்ல இதை எழுதினாங்க. அப்போ திராட்சையில எது காரணம்னு யாருக்கும் பிடிபடலை. இருபது வருஷம் கழிச்சு 2021-ல் ஒரு துப்பு கிடைச்சுது. பேக்கிங்குல போடற க்ரீம் ஆஃப் டார்ட்டரையும், அதை வச்சு வீட்டுலேயே செஞ்ச விளையாட்டு மாவையும் தின்ன நாய்களுக்கும் அச்சு அசலா இதே மாதிரி சிறுநீரகம் கெட்டுப்போச்சு. க்ரீம் ஆஃப் டார்ட்டர்ங்கறது டார்ட்டாரிக் அமிலத்தோட உப்பு. திராட்சையிலயும் அதே அமிலம் இருக்கு. நாயோட சிறுநீரகத்தால அதைச் சரியா வெளியேத்த முடியாம அங்கேயே தேங்கிடுதுன்னு கருதறாங்க. எவ்வளவு தின்னா ஆபத்துன்னு கணக்கும் சொல்ல முடியலை. பழத்துக்குப் பழம் அமில அளவு மாறுது, ஒரு நாய் கைப்பிடி தின்னுட்டுத் தூங்கும், இன்னொண்ணு கொஞ்சத்துக்கே படுத்துடும். பாதிப்பு வெளியே தெரியறதுக்கு ஒண்ணுலேர்ந்து மூணு நாள் ஆகலாம்.

சரி, டார்ட்டாரிக் அமிலம் நம்ம சமையல்ல எதுல நிறைய இருக்கு? புளி! 2022-ல் அதே ஆராய்ச்சியாளர்கள் எழுதின கட்டுரையில, புளியைத் தின்னு சிறுநீரகம் பாதிச்ச நாய்களையும் சேர்த்திருக்காங்க. திராட்சையைவிடப் புளியில இந்த அமிலம் பல மடங்கு. இதைப் படிச்சப்போ எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஆங்கிலத்துல 'பண்டிகை உணவும் உங்கள் நாயும்'னு வர்ற எந்தப் பட்டியலை எடுத்தாலும் வான்கோழி இருக்கும், கிரான்பெர்ரி இருக்கும், மக்கடேமியா கொட்டை இருக்கும். நான் மக்கடேமியாவைக் கண்ணால பார்த்ததே இல்லை! புளியோதரையை யார் எழுதறது? காணும் பொங்கலுக்குக் கட்டுச்சோறு கட்டிகிட்டு பீச்சுக்குப் போறவங்க மீதிப் புளிசோறைப் பொட்டலத்தோட நாய்க்கு வச்சுட்டு வர்றாங்களே, அதை யார் சொல்றது?

உடனே பயந்துடாதீங்க. ரெண்டு வாய் சாம்பார் சோறு தின்ன நாயெல்லாம் செத்துடும்னு நான் சொல்லலை. தண்ணியில கரைஞ்சு பருப்போட சேர்ந்த புளியும், புளிக்காய்ச்சலும் ஒண்ணு இல்லை. புளிக்காய்ச்சல், ஊறுகாய், புளி உருண்டை, இது மூணும் நாய்க்கு எட்டக்கூடாது. அவ்வளவுதான்.

திராட்சை விஷயம் அப்படி இல்லை. அது நம்ம பண்டிகையில எங்கெல்லாம் ஒளிஞ்சிருக்குன்னு ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க. சர்க்கரைப் பொங்கல், பாயசம், கேசரி, லட்டு. எல்லாமே "முந்திரி திராட்சை நெய்யில வறுத்துப் போட்டு" கேஸ்தான். பிரியாணியிலகூட சில பேர் போடறாங்க (இது ஏன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியலை). நாய்க்குக் கொடுக்கும்போது பாசத்துல நாம என்ன செய்வோம்? முந்திரியும் திராட்சையும் நிறைய இருக்கிற இடமாப் பார்த்து வழிச்சு வைப்போம்!

முதல் கோஷ்டிக்கு வர்றேன். "அந்தக் காலத்துல என்ன ஆச்சு?" ஆயாவும் இதைத்தான் கேட்டாங்க. நான் திருப்பிக் கேட்டேன், "அப்போ இருந்த நாயெல்லாம் எப்படி ஆயா செத்துச்சு?" கொஞ்சம் யோசிச்சுட்டுச் சொன்னாங்க. "ஒண்ணு வண்டியில அடிபட்டுச்சு. ஒண்ணு சுருண்டு படுத்துச்சு, என்ன பூச்சி கடிச்சுதோ. இன்னொண்ணு மஞ்சக்காமாலைன்னாங்க." அந்தப் பூச்சி என்ன பூச்சின்னு யாருக்குத் தெரியும்? தின்னது ஒரு நாள், படுத்தது மூணாம் நாள். ரெண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க யாருக்கும் தோணியிருக்காது. டாக்டர்களுக்கே 2001 வரைக்கும் தோணலையே. ஆயா மேல தப்பு இல்லை.

வெங்காயமும் இதே மாதிரி நின்னு கொல்ற ஆசாமிதான். வெங்காயம், பூண்டு ரெண்டும் நாயோட ரத்தச் சிவப்பணுவைச் சிதைக்கும். வேக வச்சாலும் வதக்கினாலும் பொடியாக்கினாலும் அந்தக் குணம் போகாது. ரத்தசோகை வெளியே தெரியறதுக்கு நாலஞ்சு நாள்கூட ஆகலாம். ஈறு வெளுத்துடும், சில நாய்க்கு மஞ்சள் தட்டும், சிறுநீர் காப்பி நிறத்துல போகும். ஒரே தடவையில உடல் எடையில 0.5 சதவீதம் வெங்காயம் உள்ள போனா ரத்தத்துல மாற்றம் தெரியும்னு சொல்றாங்க. 10 கிலோ நாய்க்கு அது 50 கிராம். அதாவது ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம். தீபாவளி காலையில இட்லிக்குக் கறிக்குழம்பு வைக்கிற ஊரு நம்முது. அந்தக் குழம்புல ஒரு கிலோ கறிக்கு எவ்வளவு வெங்காயம் உரிச்சீங்கன்னு அம்மாவைக் கேட்டுப் பாருங்க. "கறியைக் கொடுக்கலை, வெறும் குழம்பைத்தான் சோத்துல பிசைஞ்சு வச்சேன்"னு சொன்னா இன்னும் மோசம், ஏன்னா வெங்காயம் முழுக்கக் கரைஞ்சு இருக்கிறதே குழம்புலதான். ஆயா சொன்ன அந்த 'மஞ்சக்காமாலை' நாயை நினைச்சா எனக்கு இப்போ சந்தேகமா இருக்கு.

சாக்லேட் கூடாதுன்னு இப்போ பலருக்குத் தெரியும். ஆனா எந்த சாக்லேட்ங்கறது நம்ம ஊருக்கு முக்கியமான கேள்வி. அதுல இருக்கிற தியோபுரோமின்தான் பிரச்சனை. மனுஷ உடம்பு அதைச் சில மணி நேரத்துல கழிச்சுடும். நாய்க்குப் பாதி கழியறதுக்கே பதினேழு மணி நேரத்துக்கு மேல. கிலோவுக்கு 20 மில்லிகிராம் போனா வாந்தி, பேதி, படபடப்பு ஆரம்பிக்கும். 40, 50 தாண்டினா இதயத்துடிப்பு தாறுமாறாகும், 60-ல வலிப்பு வரலாம். பால் சாக்லேட்டுல கிராமுக்குச் சுமாரா 2 மில்லிகிராம். 10 கிலோ நாய் 100 கிராம் கட்டி முழுசாத் தின்னா முதல் கட்டத்துல நிக்கும். கறுப்பு சாக்லேட்டுல 5 மில்லிகிராமும் அதுக்கு மேலயும். அதே 100 கிராம், நேரா இதயத்துக்கு. நம்ம ஊர்லயும் ஆரோவில் பக்கமும் கோக்கோ விதையிலிருந்தே செஞ்சு விக்கிற கசப்பு சாக்லேட்டுக்கு இப்போ மவுசு. புத்தாண்டுக்கு வர்ற உறவுக்காரங்க அதைத்தான் வாங்கிட்டு வந்து டீப்பாய் மேல வைக்கிறாங்க. டீப்பாய்ங்கறது நாயோட மூக்கு உயரம்!

மத்ததையெல்லாம் வேகமா சொல்லிடறேன். சமைச்ச எலும்பு கூடாது. வெந்த எலும்பு கூர்கூரா உடையும், தொண்டையிலயோ குடல்லயோ குத்தும். கரும்புச் சக்கை ஜீரணம் ஆகாது, குடலை அடைக்கும். பொங்கல் அன்னைக்குத் திண்ணையில துப்பின சக்கையைக் கூட்டித் தள்ளிடுங்க. நெய் வழியற மைசூர்பாகும் பஜ்ஜியும் கணையத்தை வீங்க வைக்கும், அது சாதாரண வயித்துவலி இல்லை. 'சுகர் ஃப்ரீ'ன்னு போட்ட மிட்டாய், பபிள்கம்மா இருந்தா சைலிட்டால்னு ஒரு இனிப்பு இருக்கான்னு லேபிளைப் பாருங்க. அது இருந்தா அரை மணி நேரத்துலேயே நாய்க்கு ரத்தச் சர்க்கரை சரிஞ்சுடும், கல்லீரலும் போகும். ஈஸ்ட் போட்டுப் பிசைஞ்ச பச்சை மாவு வயித்துக்குள்ள உப்பி சாராயமாகும். வீட்டுல பிரெட் சுடறவங்க இருந்தா கவனம்.

ரெண்டாவது கோஷ்டியோட என்ன சண்டைன்னா, "மனுஷச் சாப்பாடே கூடாது"ங்கறது உண்மையும் இல்லை, நடக்கிற காரியமும் இல்லை. 2013-ல் நேச்சர் இதழ்ல வந்த ஆராய்ச்சி ஒண்ணு நாயோட மரபணுவை ஓநாயோட ஒப்பிட்டுப் பார்த்துச்சு. மாவுச்சத்தைச் செரிக்கிற அமைலேஸ் மரபணு ஓநாய்க்கு ரெண்டே பிரதிதான், நாய்க்கு நாலுலேர்ந்து முப்பது வரைக்கும். நாய் நாயானதே மனுஷன் போட்ட சோத்தைத் தின்னுத்தான். கஞ்சியும் பழைய சோறும் தின்ன பரம்பரைகிட்ட வந்து "சோறு ஆகாது"ன்னா எப்படி? பாக்கெட் தீனி வாங்க வசதி இருக்கிறவங்க வாங்கட்டும். அது இல்லாத வீட்டு நாயும் வீட்டு நாய்தான்.

இன்னொண்ணு, பண்டிகை அன்னைக்குப் பங்கு வைக்கிறது நம்ம ரத்தத்துல ஊறினது. பைரவருக்கு வாகனமே நாய். நேபாளத்துல தீபாவளி சமயத்துல நாய்க்குன்னே ஒரு நாள் ஒதுக்கி, மாலை போட்டு, பொட்டு வச்சு, சாப்பாடு போடறாங்க. நாம மாட்டுக்கு ஒரு நாள் வச்சிருக்கோம். இந்த வழக்கத்தைப் போய் "விஞ்ஞானம் ஒத்துக்கலை"ன்னு நிறுத்தச் சொன்னா யாரும் கேட்கமாட்டாங்க, கேட்கவும் கூடாதுங்கறது என் கட்சி. ஆனா எதைப் பங்கு வைக்கிறோம்னு கேட்கலாமில்லையா? மாட்டுப் பொங்கலுக்குப் பாசமாப் பானை பானையாப் பொங்கலை ஊட்டி, மாட்டுக்கு வயித்துல அமிலம் ஏறிப் படுத்துடறதும் நடக்கிறதுதான். 2024 ஜூன்ல கேரளாவுல கொல்லம் பக்கம் ஒரு பண்ணையில பரோட்டாவும் பலாப்பழமும் அளவு தெரியாமப் போட்டு அஞ்சு மாடு செத்துப்போச்சு. போட்டவர் மாட்டுக்கு விரோதியா என்ன?

இப்போ எங்க வீட்டுல நடக்கிறதைச் சொல்றேன். தாளிக்கிறதுக்கு முன்னாடி எடுத்து வைக்கிறது. விஷயம் அவ்வளவுதான். வெண்பொங்கல்ல அரிசியும் பருப்பும் குழைஞ்சதும், உப்பு, நெய், மிளகு எதுவும் விழறதுக்கு முன்னாடி ஒரு கரண்டி மணிக்கு. கறி எடுத்தா மசாலா போடறதுக்கு முன்னாடி எலும்பில்லாத நாலு துண்டு தனியா வேகும். இட்லியும் அவிச்ச முட்டையும் எப்பவும் உண்டு. பொங்கல் சந்தையில கிடைக்கிற பரங்கிக்காயும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் சும்மா வேக வச்சுக் கொடுத்தாலே போதும், வாலை ஆட்டிகிட்டுத் தின்னுவான். அதுவும் பண்டிகைப் பங்குதான், முழு வேளைச் சாப்பாடு இல்லை. இந்த மாதிரி கூடுதல் தீனி ஒரு நாள் சாப்பாட்டுல பத்துல ஒரு பங்கைத் தாண்டவேண்டாம்னு டாக்டர்கள் சொல்றாங்க.

தப்பித்தவறி தின்னுடுச்சுன்னா, படுக்கட்டும்னு காத்திருக்காதீங்க. நாங்க செஞ்ச தப்பு அதுதான். தின்ன ஒண்ணு ரெண்டு மணி நேரத்துக்குள்ள போனா டாக்டர் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைக்க முடியும். வீட்டுலேயே உப்புத் தண்ணி கரைச்சு ஊத்தறது ரொம்பத் தப்பு, அந்த உப்பே விஷமாகும். பாலும் மோரும் கொடுத்தா விஷம் முறியும்ங்கறதும் கதைதான். என்ன தின்னுச்சு, எவ்வளவு, எத்தனை மணிக்கு, இது மூணையும் குறிச்சுகிட்டு, பாக்கெட் இருந்தா அதையும் எடுத்துகிட்டு ஓடுங்க. புதுச்சேரிக்காரங்களுக்கு குருமாம்பேட்டுல ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. பண்டிகை நாள்ல உங்க ஏரியாவுல எந்த டாக்டர் இருப்பார், எந்த ஆஸ்பத்திரி எத்தனை மணி வரைக்கும்னு பட்டாசு வாங்கப் போகும்போதே விசாரிச்சு வச்சுக்கோங்க.

இதுல மருந்தே இல்லாத ஒரு பிரச்சனை இருக்கு. எதிர்வீட்டு அத்தைகிட்ட யார் சொல்றது? "நீங்க கொடுத்த கேக்குலதான்"னு அம்மா சொல்லவே இல்லை. ஏதோ வயித்துக் கோளாறுன்னு சொல்லி மழுப்பினாங்க. எனக்கு அது பிடிக்கலை. தெரியலைன்னா ஈஸ்டருக்கும் கொடுப்பாங்களே? அம்மாவுக்கும் எனக்கும் ரெண்டு நாள் வாக்குவாதம். கடைசியில அவங்களுக்கு ஆட்டோக்காரர் மூலமாவே விஷயம் போயிடுச்சு. ஒரு வாரம் எங்க வாசப்பக்கம் வரலை. மணி மட்டும் டிரிப்ஸ் போட்ட காலை நொண்டிகிட்டு தினமும் காலையில அவங்க கேட் முன்னாடி போய் நின்னான்.

பொங்கல் அன்னைக்கு நான்தான் தட்டை எடுத்துகிட்டுப் போனேன். அத்தை தட்டை வாங்கிட்டு ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் உள்ள போய் ஒரு கிண்ணத்தோட வந்தாங்க. வேக வச்ச சர்க்கரைவள்ளிக்கிழங்கு. "இது ஆகும்தானே? டாக்டர்கிட்ட கேட்டுட்டு வந்து சொல்றியா?"ன்னாங்க. ஆகும் அத்தைன்னேன். நம்பலை. ஆயாவைக் கூப்பிட்டு இன்னொரு தடவை கேட்டாங்க. ஆயா தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாங்க, "உப்புப் போடலையே?"